காத்தா, காதா

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் கொழுந்தனார் மகள். தாயில்லாமல் வந்தாள், அவளுக்கும் நான்தான் தலை சீவிச் சோறூட்டிக் கட்டிக் கொடுத்தேன். ஆறு பேரும் நன்றாக இருக்கிறார்கள். நான் யார் வாசலிலும் போய்க் கை நீட்டி நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இனிமேல் சொல்லப்போவது நான் தோற்ற கதை.

எழுத்து எனக்கு அரைகுறைதான். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கோயில் மண்டபத்தில் ஒரு டீச்சரம்மா எங்களைப் போன்றவர்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். புள்ளி வைத்த எழுத்து எங்கே வரும், எங்கே வராது என்பதில் மட்டும் இன்றைக்கும் தடுமாற்றம். என் மகன் கம்பெனியில் துணி வெட்ட அளவு வரைந்து கழித்த பேட்டர்ன் காகிதத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு நாலு வரி எழுதினால் அதிகம்.

எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் சொந்தபந்தத்தில் இந்தக் கதையைச் சிரிப்பாகச் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து உட்கார்ந்தால் யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார்கள். “ஜெனரேட்டருக்குத் தலகாணி தெச்சுக் குடுத்தவங்க ஆருன்னு தெரியுமா? நம்ம பெரியம்மாதாங்க.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அதில் பாதிக் கதைதான் இருக்கிறது. மீதிப் பாதி எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் நிட்டிங் மிஷின் ஓட்டியவர். முப்பது வருஷம் அதுதான் வேலை. வட்டமாகச் சுற்றுகிற மிஷினில் ஆயிரத்துக்கு மேல் ஊசிகள் ஏறி இறங்கும். அதில் ஓர் ஊசி உடைந்தால் துணியில் நீளமாகக் கோடு விழும். மற்றவர்கள் கோட்டைக் கண்ட பிறகு நிறுத்துவார்கள். இவர் முதுகைக் காட்டி நின்று டீ குடித்துக்கொண்டே, “மூணாவது மிஷினை நிறுத்துங்கப்பா” என்பார். போய்ப் பார்த்தால் ஊசி போயிருக்கும். அவருக்குக் கண் இருந்ததே காதில்தான்.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆன சமயம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. வாய் கோணிக்கொண்டது. ஆறு மாதம் எண்ணெய் தேய்த்து, ஆஸ்பத்திரி மருந்தும் கொடுத்து, கொஞ்சம் பேச்சு திரும்பியது. பேச்சு என்றால் ஒவ்வொரு சொல்லாக வரும். குரல் நூல் பிசிர் மாதிரி மெலிந்து போயிருந்தது. அதுவும் நாள் முழுக்க வராது. காலையில் மருந்து மயக்கத்தில் கிடப்பார். சாயங்காலம் களைத்துவிடுவார், நாக்கு தடித்துப்போகும். கஞ்சி குடித்து, கை காலை நீவிவிட்டு முடித்த பிறகு, பத்து மணிக்கு மேல் உச்சிப்பொழுது வரைக்கும்தான் நாக்கு புரளும்.

என் இரண்டாவது மகன் வீட்டை ஒட்டியே தகர செட் போட்டு, பதினைந்து தையல் மிஷின் வைத்து, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற பவர் டேபிள் நடத்தினான். இடையில் ஒரு சுவர்தான். மிஷின் ஓடினால் தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற சத்தம். அதில் இவர் குரல் எடுபடாது. ஆனால் அந்த வருஷங்களில்தான் கரண்ட் பிடுங்க ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கம் தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை கட். ஊரே திட்டியது. நான் மட்டும் திட்டவில்லை. பத்து மணிக்கு மிஷின்களெல்லாம் ஒரே மூச்சில் அடங்கும். நான் நாற்காலியை அவர் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

பெரிய பேச்செல்லாம் இல்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே டீ ஆறிவிடும்.

“முருங்க...” என்பார்.

“பூத்திருக்குதுங்க. ஏனுங், பொரியல் வேணுங்களா?”

“கா...ய்.”

“இன்னும் பிஞ்சே புடிக்கலீங்க. உங்க அவசரத்துக்குக் காய்க்கறதுக்கு அது என்ன எக்ஸ்போர்ட் ஆர்டருங்களா?”

வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும். ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தியதில் அவரோடு நான் அவ்வளவு பேசியதில்லை. அவர் மிஷினிலும் நான் பனியன் வேஸ்ட் குடோனிலும் கிடந்தோம். இப்போது கவர்மெண்டே எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்த மாதிரி இருந்தது.

சித்திரையில் மகன் ஜெனரேட்டர் வாங்கினான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். கட் நேரத்தில் டெய்லர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், சரக்குப் போகிற நாள் தள்ளிக்கொண்டே போனது. “கப்பல் நமக்காக நிக்காதுங்கம்மா” என்றான். வீட்டுக்கும் செட்டுக்கும் பின்னால் இருந்த சந்தில் தகரக் கூரை போட்டு அதை வைத்தார்கள். ஜெனரேட்டருக்கு முன்னால் பெரிய ஃபேன் ஒன்று உண்டு. அது உள்ளே இருக்கிற சூட்டைத் தள்ளி வெளியே ஊதும். அந்தச் சூட்டுக் காத்து வெளியே போவதற்கு ஆள் நுழைகிற அகலத்தில் நீளமாகத் தகரக் கூடு அடித்தார்கள். கூட்டின் வாயைத் தெருப்பக்கம் வைத்தால் எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று வீட்டுப்பக்கம் திருப்பினார்கள். அது அவர் படுத்திருந்த ஜன்னலுக்கு மூன்று முழத்தில் வந்து நின்றது. வேறு அறைக்கு அவரைத் தூக்கிப் போகலாமென்றால், இருந்த இன்னோர் அறையில் கட்டுக் கட்டாகச் சரக்கு. கக்கூஸும் இந்த அறையை ஒட்டித்தான்.

முதல் நாள் அதைப் போட்டதும் அலமாரியில் டம்ளர் நடுங்கியது. ஜன்னலைச் சாத்தினேன். பழைய மரக்கதவு, இடுக்கு வழியாகச் சத்தம் அப்படியே வந்தது. அவர் இடது கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். ஏதோ சொன்னார். நான் குனிந்து வாயருகே காதை வைத்தேன். “கா” என்று ஆரம்பித்தது, “து” என்று முடிந்தது. நடுவில் இருந்தது இரைச்சலில் போய்விட்டது.

“காத்துங்களா? காத்து வேணுங்களா?”

ஜன்னலைச் சாத்தியதில் புழுங்குகிறது போல என்று டேபிள் ஃபேனைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராக வைத்தேன். ஜெனரேட்டர் புண்ணியத்தில் ஃபேன் ஓடியது. அவர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுபடியும் அதே சொல். நான் ஃபேனை இன்னும் ஒரு நம்பர் கூட்டி வைத்தேன்.

சாயங்காலம் சத்தமெல்லாம் அடங்கிய பிறகு கேட்டேன், “காலைல என்னமோ சொன்னீங்களே, என்னங்க அது?” வெறுமனே என்னைப் பார்த்தார். நாக்கு புரளவில்லை. மறுநாள் பத்து மணிக்கும் அதே சொல். அதற்கு மறுநாளும். சரக்கு நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமையும் மிஷினை ஓட்டினார்கள். எனக்கு அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு வியாபாரம் ஓடியது. எனக்கு அது ஒன்றுதான் மனசில் ஓடியது.

மகனிடம் போய் நின்றேன். “அதை நிறுத்து.”

“ரெண்டு மணி நேரந்தானுங்கம்மா.”

“அந்த ரெண்டு மணி நேரந்தான் எனக்கு இருக்கறது.”

அவன் முகம் சுருங்கிப்போனது. தலையைக் குனிந்துகொண்டு, “சத்தத்தைக் குறைக்கறதுக்கு எதாச்சும் பண்ணலாமுங்கம்மா” என்றான். யாரையும் கூப்பிட வேண்டாம், நான் பண்ணுகிறேன் என்றேன்.

எனக்கு அது தெரியும் என்று நம்பினேன். இருபது வருஷம் காதர்பேட்டைப் பக்கம் பனியன் வேஸ்ட் குடோனில் துண்டு பிரித்தவள் நான். கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கொடுத்தால் இது இன்டர்லாக் துணி, இது ரிப் துணி என்று சொல்வேன். வேஸ்ட் மூட்டை கூரை வரைக்கும் அடுக்கிய குடோனில் நின்று கத்திப் பார்த்திருக்கிறீர்களா? குரல் எழும்பாது. வாய்க்கு முன்னாலேயே விழுந்துவிடும். துணியும் பஞ்சும் சத்தத்தைக் குடிக்கும் என்று எனக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

குடோனிலிருந்து நாலு மூட்டை வரவழைத்தேன். துண்டுகளைப் பஞ்சாகப் பிய்த்தேன். நல்ல மெல்லிய பனியன் துணியில் நீள நீளமாக உறை தைத்து, திணித்து, நடுவில் மெத்தைக்குப் போடுவது போல முடிச்சுப் போட்டேன். பதினெட்டுத் தலையணை. மகனும் ஒரு டெய்லரும் அவற்றைத் தகரக் கூட்டின் உள்பக்கம் நாலு சுவரிலும் வைத்து, கோழி வலைக் கம்பியால் இழுத்துக் கட்டினார்கள்.

சோதித்துப் பார்க்க வேண்டுமே. பத்து மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போடுவதற்கு முன்னால், பாட்டரி ரேடியோ ஒன்றைக் கூட்டுக்குள் அந்தக் கடைசியில் வைத்து முழுச் சத்தம் திருப்பினோம். நான் இந்தக் கடைசியில் வாயருகே நின்றேன். செய்தி படிக்கிறவர் நாலு வீடு தள்ளிப் பேசுவது மாதிரி இருந்தது. மருமகள் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “அத்தை, நீங்க இஞ்சினியருக்குப் படிச்சிருக்கோணுமுங்க” என்றாள். பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அவளிடம் பதினெட்டுத் தலையணைக்கும் எத்தனை முடிச்சு என்று வரைக்கும் சொன்னேன். எனக்கு அன்றைக்கு வந்த பெருமை கொஞ்சம் இல்லை.

பிறகு ஜெனரேட்டரைப் போட்டார்கள்.

ஃபேன் வேகம் பிடிக்கும் வரைக்கும் பரவாயில்லை. பிடித்ததும் பழைய இரைச்சல் அப்படியே கூட்டுக்குள் புகுந்து வந்தது. அதோடு புதிதாக ஒன்றும் சேர்ந்தது. உறைத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. கம்பி வலையில் காத்து உரசி ஒரு முனகல் எழும்பியது. கொஞ்ச நேரத்தில் பிசிர் பறக்க ஆரம்பித்து, ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து அவர் போர்வையிலும் புருவத்திலும் வெள்ளையாய் ஒட்டியது.

“அத்தை, ஊட்டுக்குள்ள பஞ்சு மழைங்க!” என்று மருமகள் கத்தினாள். டெய்லர்கள் சிரித்தார்கள். கல்யாண வீட்டுக் கதை இங்கேதான் முடியும்.

நான் சிரிக்கவில்லை. “கட்டுனவன் சரியாக் கட்டலை” என்று மகன் மேல் போட்டேன். பஞ்சு போதவில்லை என்று சொல்லி இன்னும் பன்னிரண்டு தலையணை தைத்து, இருந்ததற்கு மேல் இன்னொரு வரிசை கட்டச் சொன்னேன். கூடு உள்ளே பாதியாகச் சுருங்கியது. காத்து போக இடமில்லாமல் சீறிக்கொண்டு வந்தது. இரைச்சலோடு விசிலும் சேர்ந்தது. அவர் “கா...து” என்றார். இரண்டு கையால் அவர் முகத்தைப் பிடித்து உதட்டைப் பார்த்தேன். கோணிய உதட்டில் என்ன தெரியும்? டேபிள் ஃபேனை மறுபடி அவர் பக்கம் திருப்பினேன்.

ஆடி பிறந்தது. ஜெனரேட்டர் இரண்டு தடவை, பன்னிரண்டை நெருங்கி அவர் களைத்துக் கண் மூடிய பிறகு, சூடேறித் தானாக நின்றுவிட்டது. மெக்கானிக்கை வரச் சொன்னார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மூக்கின்மேல் விரல் வைத்தார்.

“யாரு இது, ஜெனரேட்டருக்குக் கல்யாணப் படுக்கை போட்டிருக்கது?”

“நான்தான்” என்றேன்.

“ஆச்சியா? கோவப்படாதீய. மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா அது எப்படி ஓடும்? சூடு ஏறத்தான செய்யும். பஞ்சுல தீப் புடிச்சா என்ன செய்வீய?”

“சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான் வெச்சது. ரேடியோ வெச்சுப் பாத்தம், நல்லாத்தான் நின்னுது. உங்க மிஷின்லதான் கோளாறு.”

“ரேடியோ வைக்கும்போ ஃபேன் ஓடிச்சா?”

“கரண்டு இல்லாதப்பதான் பாத்தம்.”

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். “அங்கனதான் ஆச்சி தப்பு. நிக்குத காத்துல வச்சுப் பாத்திருக்கீய. நிக்குத காத்துல சத்தம் நடந்து போவும், பஞ்சு கையப் புடிச்சு உக்கார வச்சிரும். ஃபேன் ஓடுனா சத்தம் பஸ்ல ஏறிட்டுல்லா போவுது. பஞ்சு கை காட்டுததுக்குள்ள ஸ்டாப்பைத் தாண்டிரும்.”

“ஏந்தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து பஞ்சு என்ற கையில பொரண்டுட்டு இருக்குது. எனக்கே பாடமா?”

“பஞ்சுல நீங்கதான் டீச்சர். நான் சொல்லுதது காத்தப் பத்தி.”

அவர் என்னைக் கூட்டிப் போய் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தின் நடுவில் நிறுத்தினார். மேற்கு மலைக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காத்து முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அவர் மேற்கே வேலிவரைக்கும் போய் நின்று, “ஆச்சி, காப்பி உண்டா?” என்று கேட்டார். பக்கத்தில் நின்று கேட்ட மாதிரி காதில் விழுந்தது. பிறகு என்னைத் தாண்டிக் கிழக்கே அதே தூரம் போய் நின்று வாயை அசைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்து, “இப்பவும் அதே காப்பியத்தான் கேட்டேன்” என்றார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். காத்தோடு வருகிற சத்தத்தைப் பஞ்சு சரியாகப் பிடிக்காது. காத்துக்கு எதிரே வருகிற சத்தம் தயங்கித் தயங்கி வரும், பஞ்சுக்குக் குடிக்க நேரம் கிடைக்கும். எனவே ஜெனரேட்டரையே திருப்பிப் போட வேண்டும். அது காத்தை உள்ளே இழுக்கிற பக்கம் வீட்டைப் பார்த்து இருக்கட்டும். சூட்டுக் காத்தைக் கூரைக்கு மேலே தூக்கி விட்டுவிடலாம். கூட்டை அகலமாக அடித்தால் காத்து மெதுவாகப் போகும், அதுவே பாதிச் சத்தத்தைக் குறைக்கும், விசிலும் வராது. வேஸ்ட் பஞ்சு கூடாது, நெருப்புப் பிடிக்காத கல் பஞ்சு வேண்டும். பிசிர் பறக்காமல் அதன்மேல் பொடி ஓட்டை போட்ட தகரம் மூட வேண்டும். வெறும் துணியைக் காத்து நக்கி நக்கித் தின்றுவிடும்.

எல்லாம் எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். காலி இடத்தில் நிற்கும்போதே புரிந்துவிட்டது.

சந்துக்குத் திரும்பியதும் மகன் என் முகத்தைப் பார்த்தான். “பிரிச்சரலாமுங்களாம்மா?”

சந்தில் டெய்லர்கள் நின்றிருந்தார்கள். மருமகள் நின்றிருந்தாள். முப்பது தலையணையும் என் கைத் தையல். பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேல் வரிசையை வேணும்னா எடுங்க. மத்ததுல ஆரும் கை வைக்கக் கூடாது” என்றேன்.

“அம்மா...”

“சொன்னது கேட்டுச்சா இல்லியா?”

மெக்கானிக் வலைக் கம்பியை அவிழ்த்தார். மேல் வரிசையை எடுத்துப் போட்டார், காப்பி குடித்தார், போய்விட்டார். மகன் என் பேச்சைத் தட்டாதவன். அன்றைக்கு ஒரு நாள் தட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு பத்து நாள் போயிற்று. பத்து நாளும் பத்து மணிக்கு இரைச்சல் வந்தது. பத்து நாளும் அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். முதலில் ஜன்னலைக் காட்டிச் சொன்னார். பிறகு கையைத் தூக்காமல் சொன்னார். கடைசி இரண்டு நாள் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார். நாளைக்கு மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லலாம் என்று தினமும் நினைப்பேன். சிரித்த டெய்லர்கள் முகம் ஞாபகம் வரும். நாளை மறுநாள் பார்க்கலாம் என்று விட்டுவிடுவேன்.

பதினொன்றாம் நாள் கஞ்சி கொடுக்கும்போது கஞ்சி கடைவாயில் அப்படியே நின்றது. இன்னொரு வாதம். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். உயிர் இருந்தது, கண் இருந்தது. பேச்சை அங்கேயே எடுத்துக்கொண்டார்கள். “இனி வர்றது கஷ்டமுங்கம்மா” என்று அந்த டாக்டர் மெதுவாகச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே ஏணி போடச் சொன்னேன். தையல்காரர்கள் நூல் வெட்டுகிற சின்ன டிரிம்மரை வாங்கிக்கொண்டு, என் பதினெட்டுத் தலையணையையும் நானே அறுத்து இழுத்துப் போட்டேன். பஞ்செல்லாம் கருத்து, சூட்டில் முறுகி, பாதிக்கு மேல் உறைக்குள்ளேயே இல்லை. காத்து தின்றது போக மிச்சம்.

“மெக்கானிக்கைக் கூப்புடு” என்றேன் மகனிடம்.

அவர் ஒரு வாரத்தில் வேலையை முடித்தார். சொன்னபடியே ஜெனரேட்டரைத் திருப்பினார். வீட்டைப் பார்த்த கூடு இப்போது காத்தை உள்ளே இழுத்தது. அகலமான கூடு, உள்ளே கல் பஞ்சு, அதன்மேல் ஓட்டைத் தகரம். சூடு புகைபோக்கி மாதிரி கூரைக்கு மேலே போயிற்று. பத்து மணிக்குப் போட்டார்கள். ஜன்னல் பக்கத்தில் தூரத்து லாரி சத்தம் மாதிரி ஒன்றுதான் கேட்டது. சுவர்க் கடிகாரத்தின் முள் ஓடுகிறது கேட்டது. செட்டுக்குள் ஓடுகிற தையல் மிஷின் சத்தமும் வராமல், நடுச் சுவரில் மிச்சக் கல் பஞ்சை வைத்து மெக்கானிக்கே பலகை அடித்துக் கொடுத்திருந்தார்.

நான் நாற்காலியைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மெக்கானிக் நிலைப்படியில் வந்து நின்றார்.

“எப்படி ஆச்சி, சத்தம்?”

“இல்லை தம்பி. இப்ப நல்லாக் கேக்குது.”

“என்ன கேக்குது?”

“அவர் மூச்சு உடறது கேக்குது.”

மெக்கானிக் கட்டிலைப் பார்த்தார். பிறகு கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு காப்பி கூடக் குடிக்காமல் போனார்.

நாலு மாதம் அப்படி உட்கார்ந்திருந்தேன். பத்திலிருந்து பன்னிரண்டு. நானே பேசினேன். முருங்கை காய்த்ததைச் சொன்னேன். பத்து நாள் ஏன் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை என்பதையும் ஒருநாள் சொன்னேன். கண் என்னைப் பார்த்தது. அதில் கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. மார்கழியில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் வீட்டில் இருந்தவர்களைக் கேட்டேன். அவர் சொன்ன சொல் என்ன?

மகன், “காத்துன்னுதானுங்கம்மா சொன்னாரு. நீங்களும் அப்படித்தான ஃபேன் வெச்சீங்க” என்றான்.

மருமகள் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “தப்பா நெனைக்காதீங்க அத்தை. எனக்குக் காதுன்னுதான் கேட்டுச்சுங்க. நான் கஞ்சி கொண்டாரப்ப ஒருநாளு, இடது கையைக் காதுக்கிட்டக் கொண்டு போனாருங்க.”

“ஏன் அம்முணி அப்பவே சொல்லலை?”

“நீங்க தெச்சுட்டு இருந்தீங்க. சொன்னா வைவீங்கன்னு...”

அவளைக் குற்றம் சொல்லி என்ன? நான் வைதிருப்பேன்.

அவர் காத்து என்று சொல்லியிருந்தால், மெக்கானிக் வருவதற்கு முன்னாலேயே கோளாறு எங்கே என்று படுத்தபடியே கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். ஊசி உடைந்ததைக் கேட்டவருக்கு இது கேட்காதா? சத்தத்தைக் கொண்டு வருவது காத்துதான் என்று விரலை நீட்டிக் காட்டியிருக்கிறார். நான் அவர் முகத்துக்கு நேராக இன்னும் கொஞ்சம் காத்தைத் திருப்பி வைத்தேன்.

காது என்று சொல்லியிருந்தால் அது இன்னும் மோசம். முப்பது வருஷம் சோறு போட்ட காது வலிக்கிறது, எதையாவது வைத்து அடை என்று கேட்டிருக்கிறார். நான் நாலு மூட்டை பஞ்சைப் பிய்த்துத் தகரத்துக்குத் திணித்தேன். அவர் இரண்டு காதுக்கும் இரண்டு சிட்டிகை பஞ்சு வைக்க எனக்குத் தோன்றவில்லை.

இரண்டில் எது என்று நான் எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒருநாள் இது என்று படும், மறுநாள் அது. இனி அதைச் சொல்ல ஆள் இல்லை. கல்யாண வீட்டில் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். தலையணை தைத்தது நான்தான், பிரிக்க விடாததும் நான்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எழுதி முடித்தாயிற்று. என் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தை எட்டிப் பார்க்கிறாள். எத்தனையோ இடத்தில் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன். எங்கே புள்ளி எழுத்தைப் போட்டேன், எங்கே விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஓர் எழுத்துத்தான் வித்தியாசம் என்று இவள்தான் எனக்குச் சொன்னாள்.

“அப்பாயி, இந்தப் பக்கத்துல எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி எழுதல நீங்க” என்கிறாள்.

“தெரியும் கண்ணு. திருத்தாதே. மொதல்ல இருந்து சத்தமாப் படி, நான் கேக்கறேன். இன்னைக்குச் சாயங்காலமும் கட்டுன்னு உங்கப்பன் சொன்னான். இப்பச் சத்தம் கம்மிதான், இருந்தாலும் ஜெனரேட்டர் போடறதுக்குள்ள படிச்சு முடிச்சிரு, சாமி.”